கடைசி பெஞ்சின் செருமல்

கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் புதிய மருத்துவர்களே!

தடயவியல் மருத்துவ வகுப்பு எல்லோருக்கும் நினைவிருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் தூங்குவார்கள். பாலியல் குற்றங்கள் பாடம் வரும் நாளில் மட்டும் கடைசி பெஞ்ச் விழித்துக்கொள்ளும். தன்பாலுறவைக் குற்றமென்று சொல்லும் ஒரு வரியைப் பேராசிரியர் படிக்கிறார்; பின்னாலிருந்து யாரோ ஒருவன் இன்னொருவன் பெயரைச் சொல்லிச் செருமுகிறான்; வகுப்பே சிரிக்கிறது. தன்பாலீர்ப்பு உள்ள ஒரு மாணவரும் சேர்ந்து சிரிக்கிறார். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும். இரவு விடுதி அறையில் அதே வரிக்கு அடிக்கோடு போடுகிறார், சிறுகுறிப்பு கேட்டால் எழுத வேண்டுமே. தன்னைக் குற்றவாளி என்று தானே எழுதி மார்க் வாங்க வேண்டிய பாடம் அது.

வயதுவந்தோர் மனமொத்துக் கொள்ளும் தன்பாலுறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. அதற்காக மனு போட்டவர்களில் ஐஐடி மாணவர்களும் முன்னாள் மாணவர்களுமாக 20 பேர் இருந்தார்கள். சட்டம் மாறியது, பாடப் புத்தகம் அசையவில்லை.

2021இல், மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட, தன்பால் இணையரான இரண்டு இளம் பெண்களின் வழக்கை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்தார். தன்பாலுறவு பற்றித் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே விரிவான ஆணை எழுதினார். (எத்தனை பேராசிரியர்கள் அப்படிப் போய் உட்காருவார்கள் என்பது வேறு விஷயம்.) மருத்துவப் பாடத்திட்டமும் அந்த வழக்கில் விசாரணைக்கு வந்தது. அக்டோபரில் தேசிய மருத்துவ ஆணையம், புத்தகங்களில் உள்ள இழிவான பகுதிகள் குறித்துக் கல்லூரிகளுக்கும் நூலாசிரியர்களுக்கும் அறிவுறுத்தல் அனுப்பியது.

அதோடு முடியவில்லை. 2024 ஆகஸ்ட் இறுதியில் அதே ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டத்தில், பெண்களின் தன்பாலுறவு மறுபடி பாலியல் குற்றப் பட்டியலில் நின்றது! எதிர்ப்பு கிளம்பியதும் ஒரு வாரத்துக்குள் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

இனி அந்தச் செருமலுக்கு வருவோம். பாலீர்ப்பைச் சொல்லிச் சீண்டுவதும் ராகிங்தான் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016இலேயே விதியில் சேர்த்துவிட்டது. நல்ல விதி. ஆனால் புகார் கொடுக்க வேண்டுமானால், முதலில் தன்னைப் பற்றி வாய்திறக்க வேண்டும். வார்டன் வீட்டுக்கு போன் போட்டுவிட்டால்? அந்தப் பயத்திலேயே பல புகார்கள் அறைக்குள் அடங்கிவிடுகின்றன.

உங்களில் சிலர் நாளை ஆசிரியர்களாக அதே வகுப்பறைக்குத் திரும்புவீர்கள். கடைசி பெஞ்சிலிருந்து செருமல் கேட்டால், பாடத்தை அங்கேயே நிறுத்துங்கள்.