வலிப்பும் அதனை அறியும் சோதனைகளும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாம் மருத்துவம் பயின்றோம் அல்லோம். படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே உரைக்கின்றோம்.

நம் குடும்பங்களில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால் முதலில் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கின்றோம். அடுத்துக் கதவைச் சாத்துகின்றோம். பெண்பிள்ளையாயின் திருமணம் தடைப்படுமே என்று இரட்டைத் தாழ் இடுகின்றோம். இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் புகுத்தப்பட்ட 'வலிப்பு' என்னும் சொல் 1999இலேயே நீக்கப்பட்டுவிட்டது. நம் அச்சந்தான் நீங்கவில்லை. காயல் சூழ்ந்த கும்பளங்கியிலோ, படித்துறையில் வலிப்பு வந்தால் முழங்காலளவு நீரும் உயிரைக் குடிக்கும். இது மறைத்து வைக்கத்தக்க நோயன்று.

சோதனைகளுள் முதலாவதற்கு இயந்திரம் வேண்டா. கண்டவர் கூறும் சாட்சியே அது. நோயாளிக்குத் தமக்கு நேர்ந்தது தெரியாது. மருத்துவரை அடையுமுன் இழுப்பும் நின்றிருக்கும். கண் எப்பக்கம் திரும்பிற்று, எந்தக் கையில் இழுப்புத் தொடங்கிற்று, நாக்குக் கடிபட்டதா, எத்தனை நிமிடம் நீடித்தது, தெளிந்தபின் எவ்வளவு நேரம் குழம்பியிருந்தார் என்பவற்றை, வண்டியின் நேரத்தைக் கார்டு குறிப்பது போல் எழுதிக்கொண்டு செல்லல் வேண்டும். கைப்பேசியில் படம்பிடித்துக் காட்டினால் இன்னும் நன்று. ஐந்து நிமிடம் கடந்தும் நில்லாவிடில் எழுதிக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு விரைக. மயங்கி விழுந்ததெல்லாம் வலிப்பன்று. ஆதலின் இரத்தத்தில் சர்க்கரை, சோடியம் முதலியன பார்ப்பதும் ஈ.சி.ஜி. எடுப்பதும் உண்டு.

அடுத்தது ஈ.ஈ.ஜி. மனித மூளையின் மின்னலையை ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் முதன்முதல் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார். 'தலைக்குக் கரண்டு கொடுக்கிறார்கள்' என்று அஞ்சுவோர் நம்மிடையே பலர். கொடுப்பது ஒன்றுமில்லை. மூளையில் தானே எழும் மின்சாரத்தை, ஒரு வோல்ட்டைப் பத்து இலட்சம் கூறிட்டால் அவற்றுள் சில பத்துக் கூறுகளே வரும் அத்துணை நுண்ணியதை, வாங்கிப் பெருக்கி எழுதுவதே அக்கருவியின் வேலை. எண்ணெய் போகத் தலைமுழுகி வரச் சொல்வர். சிலரை முந்தின இரவு உறக்கம் குறைக்கச் சொல்வர். மூன்று நிமிடம் ஆழ்ந்து மூச்சுவிடச் செய்வர். கண்ணெதிரே விளக்கை மின்னவிடுவர். மாத்திரையைத் தாமாக நிறுத்திச் செல்லுதல் ஆகாது.

இங்கே ஒன்று கூறவேண்டும். நோயுள்ளாருள் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு முதற்பதிவில் குறை தென்படுவதில்லை. 'ரிப்போர்ட் நார்மல்' என்று மாத்திரையைக் காயலில் எறிவது பேதைமை.

ஈ.ஈ.ஜி. மூளையின் ஓட்டத்தைக் காட்டும், சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்கள் அதன் அமைப்பைக் காட்டும். சி.டி. வந்த புதிதில், நம் நாட்டு நோயாளர் பலர் மூளையில் ஒரு சிறு புள்ளி தென்பட்டது. க்ஷயக் கட்டியென்று கருதி மாதக்கணக்கில் க்ஷய மருந்து கொடுத்தனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலிய மருத்துவர்கள் அத்தகைய புள்ளிகளை எடுத்து ஆராய்ந்து, பெரும்பாலானவை பன்றி நாடாப்புழுவின் இளங்கூடுகளே என்று 1991இல் வெளியிட்டனர். அவற்றுட் பல தாமே கரைந்து மறைவன! புழுவின் முட்டை கழுவாத கையாலும் பச்சைக் காய்கறியாலும் வயிற்றுட் புகுவதாதலின், புலால் உண்ணாதாரும் 'நமக்கென்ன' என்றிருத்தல் இயலாது.

அதே வேலூரில் 1949இல் மூளை அறுவைத் துறையைத் தொடங்கியவர், கோட்டயத்தில் பிறந்த ஜேக்கப் சாண்டி. 1952இல் வலிப்புக்கு அறுவையும் செய்தார். நமக்கு அண்மையில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் 1995 முதல் அது நடைபெறுகின்றது. மருந்துக்கு அடங்காத நோயாளரை அங்கே நாட்கணக்கில் படுக்கவைத்து, மருத்துவரே மாத்திரையைக் குறைத்து, வலிப்பு வரும்வரை வீடியோவும் ஈ.ஈ.ஜி.யும் ஒருங்கே எடுப்பர். எவ்விடத்தில் தொடங்குகின்றதென்று துணிந்த பின்னரே கத்தியை எடுப்பது பற்றி எண்ணுவர். அங்குச் செல்வோர் பழைய ஸ்கேன் படங்களையும், வலிப்பு வந்த நாட்களைக் குறித்த ஏட்டையும் மறவாமல் கொண்டுசெல்க.