ஊருக்கு ஒரு பொதுமனை



ஓர் ஊரார் ஒன்றுகூடித் தங்கள் ஊர் மதுக்கடையைக் காப்பாற்றினர் என்று நான் சொன்னால் நீங்கள் நகைப்பீர்கள். ஆலங்குளத்துப் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளிகளில் நெடுங்காலம் ஆசிரியத் தொழில் புரிந்த ஒருவன், முதிய வயதில் இப்படியும் பேசலாமா என்று ஐயுறவும் கூடும். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர்களில் 'பப்' என்று ஒன்று உண்டு. 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம் அது. தமிழில் பொதுமனை எனலாம். அங்கே மது விற்கப்படுகிறது என்பது உண்மையே. ஆயினும் உணவும் அங்கே கிடைக்கும்; குளிர்காலத்தில் கணப்பும் இருக்கும். உழவரும் ஆசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து ஊர்ச் செய்தி பேசுவர். நம் ஊர்ச் சாவடிக்கும் தேநீர்க் கடை விசிப்பலகைக்கும் உள்ள வேலைகளில் பலவற்றை அவ்வூர்களில் இம்மனையே செய்துவருகிறது.

கடந்த சில பத்தாண்டுகளில் இத்தகைய மனைகள் பல மூடப்பட்டன. வீடாக மாற்றி விற்றால் உரிமையாளருக்கு ஆதாயம் மிகுதி. மூடப்பட்ட பின்னரே, கூடிப் பேச வேறு இடமில்லை என்பதைப் பல ஊரார் உணர்ந்தனர்.

இங்கிலாந்தின் வடக்கே, கம்பிரியாப் பகுதியில், ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள 'ஓல்ட் கிரவுன்' என்னும் பொதுமனை விற்பனைக்கு வந்தபோது ஊரார் கைகட்டி நிற்கவில்லை. 2003-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 125 பேர் ஆளுக்கு 1,500 பவுண்டு இட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை நிறுவி, அம்மனையை வாங்கிவிட்டனர். அதன் பின்னர் வேறு பல ஊர்களும் அவ்வழியில் நடந்தன.

2011-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வட்டாரச் சட்டம் இம்முயற்சிக்குத் துணை நின்றது. ஊருக்குப் பயன்படும் ஒரு கட்டடத்தைச் 'சமுதாய மதிப்புடைய சொத்து' எனப் பட்டியலில் சேர்க்குமாறு ஊரார் கேட்கலாம். உரிமையாளர் அதனை விற்க முற்பட்டால், ஆறு வாரங்களுக்குள் ஊரார் தம் விருப்பத்தைத் தெரிவிக்கவேண்டும் என்று அச்சட்டம் வகுத்தது. தெரிவித்தால், பணம் திரட்ட மொத்தம் ஆறு மாதம் தவணை கிடைக்கும் என்றும் வகுத்தது. ஊராருக்கே விற்கவேண்டும் என்று அச்சட்டம் உரிமையாளரைக் கட்டாயப்படுத்தவில்லை. சட்டம் கொடுத்தது காலம்; பொருளையும் உழைப்பையும் ஊரார்தாம் கொடுக்கவேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே போராட்டம் நேர்மாறானது. நெடுஞ்சாலைகளுக்கு அருகில் மதுக்கடைகள் இருத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2017-இல் தமிழகத்தில் அக்கடைகளை ஊர்களுக்குள் மாற்ற முயன்றபோது, பல இடங்களில் பெண்கள் திரண்டு தடுத்தனர். கூலியில் பாதி குடியிற் கரைவதைக் கண்ட தாய்மாரின் சினம் நியாயமானதே. நம் மதுக்கடை யாரும் அமர்ந்து ஊர்நலம் பேசும் இடமன்று. தாயும் மகளும் அதன் வாயிலைக் கடக்கவே அஞ்சுகின்றனர். ஆதலின் இரண்டையும் ஒன்றெனக் கருதுதல் பிழை.

ஆயினும் மனையைக் காத்தவர்களும் கடையைத் தடுத்தவர்களும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: 'எங்கள் ஊரில் எது இருக்கவேண்டும் என்று முடிவு செய்வதில் எங்களுக்குப் பங்கில்லையா?' அக்கேள்வியைக் கேட்கும் இடமாகவே, 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம சபையை அமைத்தது. அங்கே சென்று அமர்பவர் எத்தனை பேர் என்று உங்கள் ஊரில் எண்ணிப் பாருங்கள்.

கூடிப் பொருள் திரட்டுவது நமக்குப் புதிதன்று. இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தார் 28 பேர் 1844-இல் கூட்டுறவுக் கடை தொடங்கினர் என்று பாடநூலில் படிக்கிறீர்கள். 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றியது. நம் மாவட்டத் தலைநகராகிய விருதுநகரில், வணிகர்கள் மகமை என்ற பெயரில் வாணிகத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுவுக்கு ஒதுக்கினர். வீடுதோறும் பிடி அரிசி திரட்டினர். அவ்வாறு வளர்ந்ததே 1889-இல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை. பெருந்தலைவர் காமராசர் பயின்ற பள்ளி அது. ஒரு பிடி அரிசி குறைந்ததால் எந்த அடுப்பும் அணையவில்லை. ஆனால் ஒரு பள்ளி நிலைத்தது.

நம் பக்கத்து ஊர்களில் இன்று காலையில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிற்சாலைகளுக்கு வண்டியேறுவோர் மாலையில் களைத்துத் திரும்புகின்றனர். அவர்கள் மனம்விட்டுப் பேசவும், பிள்ளைகள் விளக்கொளியில் படிக்கவும், கடையல்லாத ஓரிடம் வேண்டாவா? ஓடு சரிந்த சாவடியும், பூட்டிய படிப்பகமும் பல ஊர்களில் உண்டு. அவற்றின் சாவியைத் தேடி எடுப்பவர் இல்லை.

மீட்பது ஒரு நாள் வேலை. நடத்துவது நாள்தோறும் வேலை. பொதுமனையை வாங்கிய ஊரார் அதற்குள் சென்று பழகாவிட்டால் அது மீண்டும் மூடப்படும். படிப்பகத்தைத் திறந்துவிட்டு நாம் நுழையாவிட்டாலும் கதி அதுவே. கணக்கை ஒளிவின்றி எழுதுவதும், முறைவைத்துக் கூட்டிப் பெருக்குவதும், கருத்து வேறுபட்டாலும் கூடியிருப்பதுமே பொதுச் சொத்தின் காவல். சாதி பார்த்துக் கதவு திறக்கும் இடம் பொதுவிடம் ஆகாது என்பதையும் மறவாதீர்கள்.

விடுமுறையில் உங்கள் ஊருக்குச் செல்லும்போது, எல்லாரும் காசின்றி அமரக்கூடிய இடம் எது என்று பாருங்கள். இருந்தால், அதில் சென்று அமருங்கள். இல்லையென்றால், அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.