முதல் வகுப்பிற்கு முன்னே
(பங்கின் பெற்றோர் கூட்டத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியைகள் ஆற்றிய உரை)



சூன் மாதம் பள்ளி திறந்தால் எங்கள் வகுப்பு வாசலில் அழுகுரல் கேட்கும். பிள்ளை அழும், அதைப் பார்த்துத் தாயும் கண் கலங்குவாள். இந்த அழுகையைக் குறைக்க வழி என்ன என்று, பல ஆண்டுகளாக முதல் வகுப்பு எடுத்து வரும் எங்களிடம் கேட்டிருக்கிறீர்கள்.

முன்னாளில் பள்ளியில் சேர ஒரே பரீட்சைதான். வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொட வேண்டும். தொடாவிட்டால் அடுத்த ஆண்டு வரச் சொல்லிவிடுவார்கள். இன்று வயதைச் சொல்லப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. சேர்க்கைக்காகப் பிள்ளைக்குத் தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். 'அ, ஆ எழுத வரவில்லையே' என்று கவலைப்படாதீர்கள். அதைச் சொல்லித் தருவது எங்கள் வேலை. உங்கள் வேலை வேறு.

முதலாவது, 'டீச்சர், ஒன்றுக்குப் போக வேண்டும்' என்று கூச்சமின்றிக் கேட்கப் பழக்குங்கள். கால்சட்டைப் பித்தானைத் தானே கழற்றிப் போடட்டும். முதல் வாரத்து அழுகையில் பாதி, அடக்கி வைத்துத் துணியை நனைத்துவிட்ட வெட்கத்தால் வருவது.

இரண்டாவது, தானே கை கழுவிச் சாப்பிடட்டும். 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு வந்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு வந்தது. 2022 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. ஆனாலும் தட்டில் விழுந்த சோற்றை ஊட்டிவிட அங்கே அம்மா இல்லையே!

மூன்றாவது, விரல்களுக்கு வேலை கொடுங்கள். பட்டாணி உரிக்கட்டும், பூக் கோக்கட்டும், கோலப் புள்ளி வைக்கட்டும், புளியங்கொட்டையை எண்ணி அடுக்கட்டும். விரல் உரம் பெற்றால் பென்சில் தானாகவே பிடிபடும்.

நான்காவது, எங்களைப் பூச்சாண்டி ஆக்காதீர்கள். 'சேட்டை பண்ணினால் டீச்சரிடம் சொல்லி அடிக்கச் சொல்வேன்' என்று மிரட்டி வளர்த்த பிள்ளை, எங்களைக் கண்டதும் நடுங்காமல் என்ன செய்யும்? பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் அதே சட்டம் தடுத்திருக்கிறது.

இனி, எங்கள் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கேட்டதற்கு வேறெதையோ சொல்வாள். 'மந்தம்' என்று முடிவு கட்டி, கடைசி வரிசையில் உட்கார வைத்தோம். அரையாண்டுத் தேர்வு முடிந்தது. அப்போது பள்ளி ஆயா சொன்னார்: 'முகத்தைப் பார்த்துப் பேசினால் இந்தப் பிள்ளை பளிச்சென்று பதில் சொல்லுதே, டீச்சர்!' அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு என்றார்கள். தாயார் விம்மினார்: 'வீட்டிலும் திரும்ப மாட்டாள். பிடிவாதம் என்று நினைத்து அடித்தேனே!' காதுக் கருவி வந்தது. முன் வரிசைக்கு மாற்றினோம். ஆண்டு முடிவதற்குள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஆனால் அவள் இழந்த ஆறு மாதங்களை எங்களால் திருப்பித் தர முடியவில்லை.

ஆகவே, பையும் சீருடையும் வாங்குமுன், பிள்ளையின் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். பின்னால் நின்று மெல்லக் கூப்பிட்டுப் பாருங்கள். தொலைக்காட்சியை ஒட்டி நின்று பார்க்கிறதா என்று கவனியுங்கள். ஐயம் எதுவானாலும் முதல் நாளே எங்கள் காதில் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. பிள்ளை அசந்த நேரம் பார்த்து நழுவிப் போய்விடாதீர்கள். 'மணி அடித்ததும் வருவேன்' என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்னபடியே வந்து நில்லுங்கள். அம்மா சொன்னால் வருவாள் என்று அறிந்த பிள்ளை, மறுநாள் அழுதாலும் உள்ளே வரும். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.