ஸ்கோர் ஷீட்டில் வராதவன்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம் சங்கத்தின் சார்பில் கூடைப்பந்துப் போட்டிக்கு ஒரு சுழற்கோப்பை தருவதென்று முடிவாகியிருக்கிறது. சிறந்த ஆட்டக்காரருக்கு. யார் சிறந்தவர் என்பதில்தான் கமிட்டியில் சண்டை. "அதிகப் பாயிண்ட் எடுத்தவனுக்குக் குடுத்துட்டுப் போங்கப்பா, இதுல என்ன இருக்கு?" என்றார்கள் சீனியர்கள். இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன்.

அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக், 1961-62 சீசன். வில்ட் சேம்பர்லின் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளி எடுத்தார். 1962 மார்ச் 2ஆம் தேதி ஒரே ஆட்டத்தில் 100! அதே சீசனில் ஆஸ்கர் ராபர்ட்சன் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் இரட்டை இலக்கச் சராசரி. ஆனால் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது, 18.9 புள்ளி எடுத்த பில் ரஸ்ஸலுக்குப் போயிற்று.

ஏன்? அப்போது ஓட்டுப் போட்டவர்கள் ஆட்டக்காரர்கள். ரஸ்ஸல் எதிரே நிற்கும்போது கூடையைப் பார்த்துப் பந்தைத் தூக்கியவர்களுக்குத்தான் அவர் யாரென்று தெரியும். அவர் தட்டிவிட்ட பந்துகளுக்குக் கணக்கே கிடையாது. 'பிளாக்' என்பதை லீக் எண்ணத் தொடங்கியதே 1973-74இல். அவர் 1969இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். மீட்டர் மாட்டாத குழாயில் தண்ணீர் ஓடவில்லை என்று எந்த இன்ஜினீயராவது சொல்வானா? அவருடைய பாஸ்டன் அணி 80 ஆட்டங்களில் 60 ஜெயித்தது. சேம்பர்லினின் பிலடெல்பியா 49.

பிற்பாடு ஓட்டு பத்திரிகையாளர்கள் கைக்குப் போயிற்று. 2017இல் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்குக்கு, ராபர்ட்சனைப் போலவே மூன்று இரட்டை இலக்கம், அணிக்கு 47 வெற்றிதான், விருது அவருக்கே. தப்பென்று சொல்ல மாட்டேன். அவர் இல்லாவிட்டால் அந்த 47உம் வந்திருக்காது என்பதும் நியாயமான வாதம்தான்.

நம்ம ஊர் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வில்லியனூர் திருக்காமீசுவரர் தேருக்கு ஆளுநர் வடம் பிடிப்பார். மறுநாள் பேப்பரில் படம் வரும். சக்கரத்துக்கு அடியில் கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறாரே, அவர் படம் என்றைக்காவது வந்திருக்கிறதா?

இனி என் கதை. கல்லூரி அணியில் நான் பெஞ்ச். அதனால் ஸ்கோர் ஷீட் என் கையில். மூன்றாம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் வில்லியனூர்ப் பையன் 24 புள்ளி எடுத்தான். பாகூரிலிருந்து பஸ் பிடித்து வரும் இன்னொருவன் எடுத்தது 2. ஆனால் எதிரணியின் பெரிய ஸ்கோரரை ஆட்டம் முழுக்க நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு எட்டுப் புள்ளியில் நிறுத்தியவன் அவன்தான். நாலு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். கோப்பையை யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டபோது, நான் ஷீட்டைப் பார்த்து 24ஐக் காட்டினேன். அவன் பெயருக்கு நேரே இருந்தது 2 புள்ளி, 4 ஃபவுல். கோப்பையை வாங்கிய வில்லியனூரானே கீழே வந்து, "ஏண்டா, அவனுக்கில்ல குடுத்திருக்கணும்?" என்றான். நான் ஷீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆகவே கமிட்டிக்கு என் வேண்டுகோள்: கோப்பை யாருக்கு என்பதை எதிரணிக்காரர்கள் எழுதட்டும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் வேர்வை காயும் முன்பே துண்டுச் சீட்டைக் கொடுங்கள். "நாளைக்கும் இவன் நமக்கு எதிரா வரக்கூடாது" என்று யாரை நினைக்கிறார்களோ, அவன் பெயர். தன் அணிக்காரனுக்குப் போடக்கூடாது. ஸ்கோர் ஷீட்டும் இருக்கட்டும். சீட்டு சமமானால் எடுத்துப் பார்க்கலாம்.

பாகூர்க்காரன் இன்று மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். காலையில் டிபன் சாப்பிடும்போது அந்தக் கோப்பை பற்றி மெதுவாக ஆரம்பித்தேன். "அத வுடுடா" என்றான். "நாலு ஃபவுல்னு எழுதினியே, மூணுதான்டா. அஞ்சாச்சுன்னா வெளிய போகணுமேன்னு கடைசி மூணு நிமிஷம் பயந்து பயந்து ஆடினேன்."