பார வண்டிக்குப் பெட்ரோலும் பிளக்கும்

(பண்ணை வானொலிப் பேச்சு: வேளாண்மை விரிவாக்க அலுவலர், அனந்தபுரம்)

உரம், பூச்சிமருந்து என்று பேசுகிறவர் இன்றைக்குப் பெட்ரோலைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. நம் வட்டாரத்து மணிலா மூட்டை இப்போது செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் மாட்டு வண்டியிலா போகிறது? சின்ன பார வண்டியில்தான். 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது அது டீசல் வண்டி. நம் ஜனங்கள் அதற்குக் 'குட்டியானை' என்று பெயர் வைத்தார்கள். 2020-ல் புகை விதி கடுமையானபோது அதே வண்டி 694 சி.சி., இரண்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினோடும் வந்தது. டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக்கும் கிடையாது, ஆக்டேன் கணக்கும் கிடையாது. அதனால் டீசலில் பழகிய கைக்குப் பெட்ரோல் வண்டி புதுசாகத் தெரிகிறது.

மணிலா அறுவடையின்போது ஒருவர் கேட்டார்: "ஏன் சார், நூறு ஆக்டேன் பெட்ரோல்னு விக்கிறாங்களே, அதைப் போட்டா மூட்டை ஏத்தினாலும் வண்டி நல்லா இழுக்குமாமே?"

"ஆக்டேன்னா பெட்ரோலோட பொறுமைங்க அண்ணே. இழுவைக்கு வேற கணக்கு" என்றேன்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோல் ஆவியும் சேர்ந்து அழுத்தப்படும்போது சூடேறுகிறது. பிளக் பொறி விட்டதும் தீ ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஒழுங்காகப் பரவ வேண்டும். பொறுமை குறைந்த பெட்ரோலாக இருந்தால், தீ வந்து சேருவதற்குள் கோடியில் இருக்கிற கலவை தானாகவே வெடித்துவிடும். இதைத்தான் மெக்கானிக் 'நாக்கிங்' என்கிறார். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல் சத்தம் கேட்கும். பாரத்தோடு மேட்டில், கியரைக் குறைக்காமல் மிதிக்கும்போதுதான் அதிகம் கேட்கும். கேட்டவுடன் கியரைக் குறையுங்கள், மிதியைத் தளர்த்துங்கள். கேட்டும் கேளாததுபோல் நாள்கணக்கில் ஓட்டினால் பிஸ்டனே ஓட்டையாகலாம். அறுவடைச் சமயத்தில், அதுவும் கடனில் வாங்கிய வண்டி என்றால், அது என்ன செலவு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, எத்தனை ஆக்டேன் வேண்டும்? வண்டியோடு வந்த கையேட்டில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். நம் நாட்டில் சாதாரணப் பெட்ரோல் குறைந்தது 91 ஆக்டேன். எத்தனாலுக்கு ஆக்டேன் 108 அளவில் இருப்பதால், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 95-க்கு வந்துவிட்டது. நாம் ஆலைக்கு வெட்டி அனுப்பும் கரும்பின் மொலாசஸிலிருந்தும் எத்தனால் எடுக்கிறார்கள். ஆக, கரும்பு போட்டவரின் உழைப்பும் அந்த ஆக்டேனில் இருக்கிறது! இதற்குமேல் விலை கொடுத்து நூறு போட்டால் நம் சின்ன எஞ்சினுக்கு அதை உபயோகிக்கத் தெரியாது. அமெரிக்காவில் ஃபோர்டு ராப்டர் போன்ற பந்தயப் பிக்கப் வண்டிகளில் இரட்டை டர்போ வைத்துக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறார்கள். அந்த மாதிரி எஞ்சினுக்கு உயர்ந்த ஆக்டேன் உதவும். அங்கே பம்பில் 87 என்று எழுதியிருப்பதைப் பார்த்து மட்டம் என்று எண்ண வேண்டாம். அளக்கும் முறை வேறு. அந்த 87 ஏறக்குறைய நம் 91.

எத்தனால் பெட்ரோலில் ஒரு சங்கடம் உண்டு. அது ஈரத்தை இழுக்கும். கேனில் வாங்கி மாதக்கணக்கில் வைத்தால், சேர்ந்த தண்ணீரோடு எத்தனாலும் பிரிந்து அடியில் இறங்கிவிடும். மேலே நிற்கும் பெட்ரோலில் ஆக்டேன் குறைந்துபோகும். மழைக்காலத்தில் கேனில் சேமிக்கவே வேண்டாம். பழைய வண்டியாக இருந்தால் ரப்பர் குழாய்களை அடிக்கடி பாருங்கள். மண்ணெண்ணெய் கலப்படமோ ஆக்டேனை ஒரேயடியாகத் தள்ளிவிடும். சந்தேகம் இருந்தால் பங்கில் வடிதாள் கேளுங்கள், கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. ஒரு சொட்டு விட்டால் நல்ல பெட்ரோல் கறையில்லாமல் ஆவியாகும்.

இனி பிளக். நூறு ஆக்டேனுக்குக் கொடுக்கிற காசை இதில் போடலாம் என்பது என் எண்ணம். பிளக்குக்குச் சூட்டு எண் என்று ஒன்று உண்டு. நுனி சுமார் 450 டிகிரிக்கு மேல் சூடானால்தான் படிந்த கரி தானே எரியும். 850-ஐத் தாண்டினால் நுனியே கங்குபோல் ஆகி, பொறிக்கு முன்பே கலவையைப் பற்ற வைத்துவிடும். இங்கேதான் ஒரு குழப்பம். என்.ஜி.கே. பிளக்கில் எண் ஏற ஏறக் குளிர்ச்சியான பிளக். பாஷ் பிளக்கில் எண் ஏற ஏறச் சூடான பிளக்! 'ஏழுக்குப் பதில் ஏழு' என்று கம்பெனி மாற்றிப் போட்டால் கதை கெட்டது. மரையின் நீளமும் அப்படியே. நீளம் கூடினால் பிஸ்டன் போய் இடிக்கலாம்.

கழற்றிய பிளக்கைப் பார்த்தாலே எஞ்சினின் உடம்பு தெரியும். பீங்கான் பால் கலந்த காப்பி நிறமாக இருந்தால் சௌக்கியம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. நம் மண்சாலையில் பெரும்பாலும் இரண்டாவதுதான். எண்ணெய்ப் பசை இருந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அதிகச் சூடு, வண்டியை மேலே ஓட்டாமல் காட்டுங்கள்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், துகள் உள்ளே தங்கும். இரிடியம் பிளக்கில் கம்பித் தூரிகையும் கூடாது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கழற்றுங்கள், சூட்டில் அலுமினிய மரை பிய்ந்துவிடும். மாட்டும்போது முதலில் கையாலேயே திருகி உட்கார வைத்து, பிறகு வாஷர் உள்ள புதுப் பிளக்கானால் சாவியால் அரைச் சுற்று, கொஞ்சம் கூட. கடைக்குப் போகும்போது பழைய பிளக்கையும் கையேட்டையும் கையோடு கொண்டு போங்கள். கடைக்காரரிடம் எழுத்து, எண் எல்லாம் ஒத்துப் பார்த்து வாங்குங்கள். நடுவில் 'ஆர்' எழுத்து இருந்தால் அதுவும் இருக்க வேண்டும், அது இல்லாத பிளக் வண்டியின் கம்ப்யூட்டரைக் குழப்பலாம்.