மரத்தில் ஒரு பெயர்

பொங்கல் முடிந்த கையோடு சென்னைத் தீவுத்திடலில் பொருட்காட்சி களைகட்டிவிடும். மதுரையில் சித்திரைத் திருவிழாவை ஒட்டி வரும். டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, ராட்டினம், மரணக்கிணறு எல்லாம் தாண்டி நடந்தால், கடைகளுக்கு நடுவே ஓரிடத்தில் கூட்டம் சற்று அமைதியாக நிற்கும். முன்பெல்லாம் அங்கே உட்கார்ந்திருந்தவர் அரிசியில் பெயர் எழுதுகிறவர். இப்போது அந்த இடத்தைப் பெரும்பாலும் மரப்பொருள் கடை பிடித்துக்கொண்டது. சாவிக்கொத்து, பேனா ஸ்டாண்டு, சுவர்க் கடிகாரம், வீட்டு வாசலுக்குப் பெயர்ப்பலகை, போட்டோ பதித்த பலகை. எதை எடுத்தாலும் பெயர் போட்டுத் தருகிறார்கள். இந்தத் தொழிலை ஒரு கலையாக எடைபோட்டால் எங்கே தேறுகிறது, எங்கே தேறவில்லை என்பதுதான் இன்றைய பேச்சு.

பொருளில் பெயர் போடுவது நமக்குப் புதிதல்ல. கல்யாணத்துக்கு எவர்சில்வர் அண்டாவோ குடமோ வாங்கினால், கடைக்காரர் கேட்கும் அடுத்த கேள்வி, "பேர் வெட்டணுமா?" என்பதுதான். ஒரு காலத்தில் சிற்றுளியை வைத்துத் தட்டித் தட்டிப் புள்ளி புள்ளியாக வெட்டினார்கள். பிறகு கிர்ரென்று அதிரும் மின்சாரக் கருவி வந்தது. ஆனால் வெட்டியது யார் பெயரை? கொடுப்பவர் பெயரை. 'அன்பளிப்பு' என்று போட்டு, மாமா பெயர், ஊர், தேதி. நாற்பது வருடம் கழித்தும் அந்தக் குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது யார் செய்தது என்று தெரியும். மொய் நோட்டு தொலைந்தாலும் குடம் சாட்சி சொல்லும். கோயில் டியூப்லைட்டில் பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு 'உபயம்' நிற்பதும் இதே வழக்கம்தான்.

மரப்பரிசு இதைத் தலைகீழாக்கிவிட்டது. இதில் வாங்கிக்கொள்பவர் பெயர்தான் இருக்கும். கொடுத்தவர் பெயர் எங்கேயாவது பின்பக்கத்தில் சின்னதாக இருந்தால் உண்டு. இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு அதில் இல்லை. 'உன்னை நினைத்துச் செய்தது' என்பது மட்டும்தான் இருக்கிறது. அப்படியானால், உண்மையிலேயே நினைத்துத்தான் செய்தார்களா என்று கேட்க நமக்கும் உரிமை வந்துவிடுகிறது.

இன்று இந்தக் கடைகளில் பெயரைப் பொறிப்பது பெரும்பாலும் லேசர் மெஷின். கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் குமார் படேல். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்தவர். அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. மரம் அதை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். கதிர் விழுந்த இடம் நொடியில் ஆவியாகி, ஓரம் கருகும். நாம் படிக்கும் எழுத்து அந்தக் கருகல்தான். மை கிடையாது, சாயம் கிடையாது. ஆகவே எழுத்து எப்படி வரும் என்பதை மெஷினைவிட மரமே அதிகம் தீர்மானிக்கிறது. கடை போடுகிறவர்களில் பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

பைன் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலிவு, வெளிர் நிறம், பார்க்க அழகு. ஆனால் அதன் ரேகையில் ஒரு வரி மென்மை, அடுத்த வரி கெட்டி. மென்மையான வரியில் கதிர் ஆழமாக இறங்கும்; கெட்டி வரியில் மேலோடு நிற்கும். விளைவு, எழுத்துக்குள்ளே வரிக்குதிரை போலக் கோடுகள். பெயரானால் அதுவும் ஓர் அழகு என்று விட்டுவிடலாம். முகத்தைப் பதித்தால், பாட்டியின் கன்னத்தில் அவருக்கு இல்லாத தழும்புகள் வந்துவிடும். ஈட்டி மரம் போன்ற கருமரத்தில் பொறித்தால் கறுப்பில் கறுப்பு, ஒன்றும் தெரியாது. தேக்கு கௌரவமான மரம்தான். ஆனால் அதன் ரேகை ஓடி ஓடி எழுத்தோடு போட்டி போடும். எழுத்து நிற்க வேண்டுமானால் வெளிர் நிறமும் நெருங்கிய இழையும் கொண்ட மரம் வேண்டும். சென்னபட்டணத்துப் பொம்மைகளைக் கடையும் வெட்பாலை அப்படிப்பட்டது. நம் ஊர்க் குமிழ மரமும் அந்த வகைதான். கடைகளில் இவற்றை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

அதிகம் பார்ப்பது எம்டிஎஃப். மரநாரைப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை. ரேகையே இல்லாததால் எழுத்து துல்லியமாக வரும்; அது அதன் பெருமை. வெட்டிய ஓரத்தைத் தொட்டால் விரலில் கரி ஒட்டும், சென்னைப் புழுக்கத்தில் ஊறினால் உப்பும். அது அதன் சிறுமை. எம்டிஎஃப் விற்பதில் தப்பே இல்லை. அதன்மேல் தேக்குப் படம் ஒட்டித் 'தேக்கு' என்று விற்பதில்தான் தப்பு. 'சந்தன மரம் சார்' என்று மூக்குக்கு நேரே நீட்டப்படும் சாவிக்கொத்தும் பல நேரம் ஏதோ ஒரு வெள்ளை மரம்தான். வாசனை பாட்டிலிலிருந்து வந்தது.

சரி, எழுத்துக்கு வருவோம். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த இடமும், மிகவும் கோபம் வரும் இடமும் இதுதான்.

மெஷினோடு வரும் மென்பொருள்களில் பல, தமிழை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. 'கொ' என்று தட்டினால் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம், நடுவே ஒரு புள்ளி வட்டம். தெரிந்தவர்கள் வேறிடத்தில் தட்டச்சு செய்து, எழுத்தைப் படமாக மாற்றி உள்ளே ஏற்றுவார்கள். தெரியாதவர்கள், "தமிழ்ல வராதுங்கக்கா, இங்கிலீஷ்ல போட்டுக்கலாம்" என்பார்கள். வந்தவரும் சரி என்று போய்விடுகிறார். தமிழ்நாட்டுப் பொருட்காட்சியில் தமிழ்க் குழந்தையின் பெயர் தமிழில் வராமல் போவதற்கு, பத்து நிமிட வேலையில் தீரக்கூடிய இந்தச் சோம்பல்தான் காரணம்.

சரியாக ஏற்றியபின் அடுத்த சிக்கல். பெயரைப் பலகையில் பொறிக்காமல், எழுத்தாகவே அறுத்தெடுக்கச் சொல்கிறோம் என்று வையுங்கள். 'கார்த்திக்' என்று அறுத்தால் 'ர்', 'த்', 'க்' மூன்றின் தலையிலும் இருந்த புள்ளிகள் எதிலும் ஒட்டாமல் மெஷினின் தட்டுக்குள் உதிர்ந்துவிடும். கையில் வருவது 'காரததிக'. ஓலைச்சுவடி எழுதியவர்களும் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். ஓலை கிழியும் என்ற பயம் என்பார்கள். படிக்கிறவர் புரிந்துகொள்வார் என்று அவர்கள் விட்டார்கள். மரக்கடைக்காரர் அப்படி விட முடியாது, காசு கொடுத்தவர் சண்டைக்கு வருவார். கெட்டிக்காரர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? புள்ளியைச் சற்றே கீழிறக்கி எழுத்தின் தலையோடு தொட்டுக்கொண்டிருக்கும்படி வரைகிறார்கள். அல்லது மேலே ஒரு கொடி ஓடவிட்டு, புள்ளிகளை அதில் பூ மொட்டாகத் தொங்கவிடுகிறார்கள். கொடி எழுத்துகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பலகையைப் பார்த்தால் அலங்காரம் என்று தோன்றும். ஆனால் கொடி இல்லாவிட்டால் பெயரே நிற்காது. அழகும் தேவையும் ஒன்றாகிவிட்ட இந்த இடத்தில் மெஷின் வேலை என்று யாரும் ஒதுக்க முடியாது. அதை வரைந்தது ஒரு கை.

சிறிய சாவிக்கொத்தில் 'ணை', 'ஞ' போன்ற எழுத்துகளின் சுழிகள் கரியால் அடைத்துக்கொண்டு பொட்டாகிவிடும். அதற்கு எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும். சுழி அகலமாக, கோடு ஒரே கனமாக இருக்கும் எழுத்துரு வேண்டும். கல்யாணப் பத்திரிகைக்குப் போடுகிற வளைவு நெளிவான எழுத்து இதற்கு உதவாது.

இந்த மெஷினால் மட்டுமே முடிகிற, கையால் முடியாத ஒரு நல்ல காரியம் உண்டு. காலமான அப்பா எழுதிய கடிதத்தில் ஒரு வரி, அம்மா நோட்டில் எழுதிவைத்த வத்தக்குழம்புப் பக்குவம். இவற்றைப் படம் பிடித்து, அந்தக் கையெழுத்தையே அப்படியே மரத்தில் இறக்கிவிடலாம். அடித்தல் திருத்தலோடு, மை திட்டாக நின்ற இடத்தோடு. முகப்படம் பதிப்பதைவிட இது நூறு மடங்கு மேல். ஆனால் கடைகளில் மாதிரிக்கு வைத்திருப்பதெல்லாம் போட்டோ. கேட்டால்தான் கையெழுத்து போட்டுத் தருவார்கள். ஆகவே கேளுங்கள்.

விற்பனைக்கு வருவோம். பெயர் போட்ட பொருளின் பெரிய ஆபத்து, அது அந்த ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் ஆகாது என்பது. 'ஹரிணி' என்று பொறித்த கடிகாரத்தை வாங்க வேறொரு ஹரிணி வர வேண்டும். அவளும் அதே எழுத்துக்கூட்டலில் வர வேண்டும். நியூமராலஜி பார்த்து ஆங்கிலத்தில் ஓர் 'ஏ', ஒரு 'ஹெச்' கூட்டிக்கொள்ளும் நாட்டில் இது லேசான விஷயம் இல்லை. அதனால் அனுபவப்பட்ட கடைக்காரர் காதால் கேட்டுப் பெயர் எழுதிக்கொள்ள மாட்டார். துண்டுச் சீட்டையும் பேனாவையும் நீட்டி, "நீங்களே எழுதிக் கொடுங்க" என்பார். முன்பணம் வாங்குவார். சீட்டைப் பொருளோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவைப்பார். எழுத்துப்பிழைத் தகராறில் நீதிபதி அந்தச் சீட்டுதான்.

ராத்திரி ஏழு மணிக்குமேல் கூட்டம் நெருக்கும். பெயர் ஒன்றுக்குச் சில நிமிடங்கள்தான். ஆனால் வரிசையில் பத்துப் பேர் நின்றால்? "ராட்டினம் சுத்திட்டு வாங்கண்ணே, ரெடியா இருக்கும்." இந்த வரிசையைக் கையாளத் தெரியாதவர் எவ்வளவு நல்ல வேலைக்காரரானாலும் பொருட்காட்சியில் பிழைக்க முடியாது. தகரக் கொட்டகைக்குள் மெஷினை ஓட்டினால் புகை. புகைக்கு வழி வேண்டும். ஜெனரேட்டர் மின்சாரம் ஏறி இறங்கினால் எழுத்து பாதியில் வெளிறும். நெருப்பு பயம் வேறு. அதனால் பலர் மெஷினை வீட்டிலேயே விட்டுவிட்டு ஆர்டர் மட்டும் எடுத்துக் கூரியரில் அனுப்புகிறார்கள். சிலர் சூடேறும் பேனா ஒன்றை மட்டும் கொண்டுவந்து, கண்ணெதிரே மரத்தில் சுட்டு எழுதித் தருகிறார்கள். எனக்கு இவர்கள்மேல்தான் கூடுதல் பிரியம். சுடும் வாசனை, எழும் மெல்லிய புகை, கோடு திரும்பும் இடத்தில் கை ஒரு கணம் தயங்கி அங்கே மட்டும் கறுப்பு கூடுவது. அந்தத் தயக்கம் லேசரில் வராது.

"ஒரு பேருதானே, அதுக்குத் தனியாக் காசா?" என்று பேரம் பேசுகிறோம். பெயருக்குக் காசில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது மீதி என்ன நிற்கிறது? நான் ஒவ்வொரு கடையிலும் மனதுக்குள் போடும் சோதனை இது. பெயரை அழித்துவிட்டால் இந்தப் பொருளை நான் வாங்குவேனா? பெரும்பாலான பலகைகள் இதில் தோற்றுவிடும். ஓரம் இழைக்காத பலகை, உப்புத்தாள் பார்க்காத பின்பக்கம், இணையத்திலிருந்து இறக்கிய ஆங்கில வாசகம், அதன் நடுவே ஒரு பெயர். ஆயிரம் வீட்டுக்குப் போகும் ஒரே பொருள். பெயர் மட்டும் மாறுகிறது. இதை 'உங்களுக்காகவே' என்று சொல்வது கொஞ்சம் அதிகம்.

இதில் தேறுகிறவர்களும் உண்டு. பல்லாங்குழி செய்து அதன் மூடியின் உட்புறத்தில் பெயர் போடுகிறவர்கள், அஞ்சறைப் பெட்டி செய்கிறவர்கள், பூரிக்கட்டை கடைகிறவர்கள். பூரிக்கட்டையில் ஒரு சூட்சுமம். உருட்டும் இடத்தில் பெயரைப் பொறித்தால் மாவு எழுத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், கழுவினாலும் போகாது. புதுப்பெண்ணின் பெயர் ஒரு மாதத்தில் பூஞ்சை பிடிக்கும். கைப்பிடியில் போட வேண்டும். பிடித்துப் பிடித்து எண்ணெய் ஏறி, எழுத்து இன்னும் கறுக்கும். கைப்பிடியில் போட்டிருக்கிறார் என்றால், அவர் அதை ஒரு சமையலறையில் வைத்துப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

லேசரில் செய்ததைக் கைவினை என்று சொல்லலாமா என்ற சண்டை இந்த வட்டாரத்தில் ஓயாது. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மறு வருடம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கும் கிடைத்தது. நகவுளியும் கொட்டாப்புளியுமாக நாள்கணக்கில் உட்கார்ந்து செதுக்குகிறவர்களுக்குப் பக்கத்துக் கடையில், பொத்தானை அமுக்கி எடுப்பதும் 'கைவினை' என்ற பலகையோடு விற்கிறது. அவர்களுக்கு எரிச்சல் வருவது நியாயம். கடைப் பலகையில் மெஷின் வேலை என்று எழுதிவைத்துவிட்டால் பாதிச் சண்டை தீரும். மீதிப் பாதிக்கு என் யோசனை: உடலைக் கை செய்யட்டும், எழுத்தை மெஷின் செய்யட்டும். செதுக்கிய சிறு யானையின் பீடத்தில் பேத்தியின் பெயர் வேண்டுமென்றால், அதற்காகச் சிற்பி கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மரப்பரிசு என்றதும் இன்னொரு வழக்கம் நினைவுக்கு வருகிறது. வேல்ஸ் நாட்டில் இளைஞர்கள் விரும்பிய பெண்ணுக்கு மரக்கரண்டி செதுக்கிக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. செயின்ட் ஃபாகன்ஸ் அருங்காட்சியகத்தில் 1667ஆம் ஆண்டு பொறித்த கரண்டி ஒன்று இருக்கிறது. செதுக்கியவர் கையில் பிடித்து யோசிக்க நேரம் எடுத்துக்கொண்ட பொருள் அது. நம் கடைக்காரருக்கு ஒரு சனிக்கிழமை ராத்திரியில் அந்த நேரம் கிடையாது. அதை எதிர்பார்ப்பதும் அநியாயம். யோசிக்கிற வேலையை நாம்தான் வீட்டிலேயே முடித்துக்கொண்டு போக வேண்டும்.

எனவே போகுமுன் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரைத் தமிழில் தெளிவாக எழுதிய சீட்டு. கையெழுத்து பதிக்க வேண்டுமானால் பகல் வெளிச்சத்தில் நேராக எடுத்த படம். கடைக்குப் போனதும் பொருளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள், ஓரத்தை விரலால் தடவுங்கள், என்ன மரம் என்று கேளுங்கள். பொறித்தபின் பாலிஷ் போடுவாரா, போட்டபின் பொறிப்பாரா என்றும் கேளுங்கள். பொறித்து, கரியைத் துடைத்து, அதன்பிறகு இரு பக்கமும் பாலிஷ் போடுகிறவரிடம் வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசிய மெல்லிய பலகை மழைக்காலத்தில் வளைந்துவிடும். சீட்டில் உங்கள் கைப்பேசி எண்ணையும் எழுதிவிடுங்கள். பொருட்காட்சியில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது.