தொழுநோயும் நம் இளைஞரும்



தொழுநோயைப் பற்றி மருத்துவர் பேசுவதே முறை எனச் சிலர் கருதலாம். நோயுற்ற இளைஞனை மருத்துவர் காண்பது மாதத்தில் ஒரு நாள். ஏனைய நாட்களை அவன் நம் நடுவிலன்றோ கழிக்கின்றான்! அந்நாட்களைப் பற்றிப் பேச நாமே கடமைப்பட்டவர்கள்.

முதலில் தோன்றுவது உணர்ச்சியற்ற, வெளிறிய அல்லது சிவந்த தேமல். வலியில்லை, ஆதலின் மறைப்பதும் எளிது. மணப்பருவத்துப் பெண் அதனை ரவிக்கைக் கையினுள் மறைக்கின்றாள். தங்கைக்கும் வரன் அமையாதே என அஞ்சித் தாயும் உடன்படுகின்றாள். இவ்வாறு மறைத்துக் கழியும் காலத்தில்தான் நரம்பு கெடுகின்றது. பின்னர், சுடுகின்ற பாத்திரத்தைப் பற்றிய கை கொப்புளித்த பிறகே கண் அதனை அறிகின்றது. வயலில் தைத்த முள் மாலைவரை தெரிவதில்லை. விரல்கள் நோயால் தாமே உதிர்வதில்லை, உணர்வின்றிப் படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்பதை 1940களின் இறுதி முதல் வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் விளக்கிக் காட்டினார்.

1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றது. ஆறு திங்கள் அல்லது ஓராண்டு உண்டால் நோய் குணமாகும். ஆயினும் அதிலுள்ள குளோஃபசிமின் மேனியைக் கருக்கச் செய்வதால், நாணி இடையில் நிறுத்திவிடும் இளைஞர் உண்டு. நிறத்தைச் சொல்லி இழிக்கப்பட்டவர்கள் அல்லவா நாம்! மருந்து முடிந்தபின் அந்நிறம் மெல்ல மெல்ல மாறிவிடும் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

செருப்பின் கதையும் அத்தகையதே. உணர்விழந்த பாதத்தைக் காக்க மெத்தென்ற ரப்பர் செருப்பு தருகின்றனர். அது நோயை ஊருக்கு அறிவித்துவிடும் எனக் கூசி வெறுங்காலுடன் நடக்கின்றனர். ஊர்த் தெருவில் செருப்பணியத் தடுக்கப்பட்ட முன்னோரின் பிள்ளைகள் இவர்கள்! தேநீர்க் கடையின் தனிக் குவளையை எதிர்த்த நாம், வீட்டில் இவர்களுக்குத் தனித் தட்டு வைப்பது எந்த நியாயம்? மருந்துண்ணத் தொடங்கியவரிடமிருந்து நோய் பரவுவதில்லை.

1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. மணவிலக்குக்குத் தொழுநோயைக் காரணங்காட்டும் விதியும் 2019இல் அகன்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நோய் குணமாகியும் ஊனம் எஞ்சியவர்களைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. ஊன அளவு நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாதிருப்பின் அரசு உயர்கல்வி நிலையங்களில் இடஒதுக்கீடு உண்டு. சான்றிதழ் பெற அரசு மருத்துவமனைக்கு அவர்களை அழைத்துச் செல்ல நம் சங்கத்து இளைஞர் இருவர் முன்வந்தால் போதும்.